ஹிபினோ வீட்டு மீன்

ஓகசாகியில் யஹாகி ஆற்றுப் பாலத்தை ஒட்டி முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் ஓசுகா கட்சுமியின் கையை அந்த வட்டாரத்தில் நம்பாதவர்கள் கிடையாது. ஆண்கள் தங்கள் தொண்டையை நம்பிக் கொடுத்தார்கள். பெண்கள் முகச் சவரத்துக்கு வந்து நாற்காலியிலேயே தூங்கிப்போனார்கள். மீன் வளர்க்கிறவர்கள் தங்கள் மீனைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அப்படிப்பட்ட கை போன குளிர்காலத்திலிருந்து நடுங்கத் தொடங்கியிருந்தது.

கட்சுமி இதை யாரிடமும் சொல்லவில்லை. மனைவி மிட்சுயோவிடமும் சொல்லவில்லை. அவளிடம் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அதே கடையில் பக்கத்து நாற்காலியில் நின்று முடி வெட்டுகிறவள் அவள். சூப்புக் கிண்ணத்தை அவர் இரண்டு கையாலும் பிடிக்க ஆரம்பித்தபோதே அவளுக்கு விளங்கிவிட்டது.

"ஒருதடவ டாக்டர்கிட்ட காட்டுங்களேன்."

"எதுக்கு? குளிர்ல எல்லார் கையும்தான் நடுங்குது."

"இப்ப மே மாசம்."

"மே மாசத்துல குளிராதுன்னு சட்டமா போட்டிருக்கு?"

அன்றிலிருந்து சவரக் கத்தி பிடிக்கும் வேலையெல்லாம் ஏதாவது ஒரு சாக்கில் மிட்சுயோ பக்கம் போனது. கட்சுமி கத்தரிக்கோலோடு நின்றார். சவரம் செய்துதான் தீர வேண்டும் என்றால், சுண்டுவிரலை ஆளின் கன்னத்தில் ஊன்றிக்கொள்வார். ஊன்ற இடம் கிடைத்தால் கை ஓரளவு அடங்கும்.

மீனில் ஊன்ற இடம் கிடையாது.

அவர் வளர்த்தது ஜிகின். தங்கமீனில் ஒரு வகை. பின்னாலிருந்து பார்த்தால் வால் நாலு மடலாக விரிந்து நிற்க வேண்டும். உடம்பு வெள்ளை வெளேரென்றும், வாய், செவுள் மூடி, துடுப்புகள், வால் இவை மட்டும் நல்ல சிவப்பாகவும் இருக்க வேண்டும். வால் பிறவியில் வருவது. ஆயிரம் குஞ்சில் பத்துக்கு வந்தால் பெரிய காரியம். நிறம் கையால் வருவது. கறுப்பாகப் பிறந்த குஞ்சு கோடையின் தொடக்கத்தில் வெளுத்துச் சிவக்கும்போது, உடம்பில் சிவந்த செதில்களை மட்டும் மெல்லிய மூங்கில் பட்டையால் சுரண்டி எடுத்துவிட வேண்டும். சரியான சமயத்தில் எடுத்தால் அந்த இடத்தில் முளைக்கும் செதில் வெள்ளையாக முளைக்கும். நாள் தவறினால் திரும்பவும் சிவப்பாகத்தான் முளைக்கும். மீனுக்கு வலிக்காதா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஓகசாகிக்காரர்கள் அவர்களுக்கு ஒரு கோப்பை டீ ஊற்றிக் கொடுத்துப் பேச்சை மாற்றிவிடுவார்கள். நானும் அதையே செய்கிறேன்.

மீன் சங்கத்தில் பாதிப் பேருக்குச் சுரண்டிக் கொடுப்பது கட்சுமிதான். அவர் கைபட்ட மீன்கள் இலையுதிர்கால மீன் கண்காட்சியில் வருடா வருடம் முதலிடம் வாங்கின. அவருடைய சொந்த மீன் ஒருமுறைகூட வாங்கியதில்லை. நிறத்தைக் கையால் கொண்டுவரலாம், வாலை எங்கே போய்க் கொண்டுவருவது? இந்த வருடம் அந்தக் குறையும் தீரும்போல இருந்தது. அவர் தொட்டியில் ஒரே ஒரு குஞ்சு, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போன்ற வாலோடு வந்திருந்தது. அதற்கு அவரே சுரண்டினார். ஒரே மூச்சில் செய்ய முடியவில்லை. காலையில் நாலு செதில், மறுநாள் நாலு செதில் என்று, கை அடங்கிய நேரம் பார்த்துப் பார்த்து எடுத்தார். மீன் பிழைத்தது. நிறமும் கச்சிதமாக அமைந்தது. இந்தக் கை இன்னும் போகவில்லை என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அங்கேதான் அவர் சறுக்கினார் என்று பின்னால் மிட்சுயோ சொன்னாள்.

ஜூன் மழையில் ஒரு நாள் ஹிபினோ தமாயோ வாளியோடு கடைக்குள் வந்தாள். ரயில் நிலையத்துக்கு எதிரே ஊதொன் நூடுல்ஸ் கடை நடத்துகிறவள். சங்கத்தில் அவள் வாய்க்குப் பயப்படாதவர்கள் இல்லை.

"என்ன ஓசுகா சான், ஈ ஓட்டுறீங்களா? ஆளே காணோம்."

"ஆள் வந்தா மட்டும் என்ன, உங்க தலைக்குக் கத்தரி பத்தாதே. புல்லு வெட்டுற மெஷின்தான் வேணும்."

வழக்கமாக இதற்கு அவள் பத்து மடங்கு திருப்பிக் கொடுப்பாள். அன்று கொடுக்கவில்லை. வாளியைத் தரையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நாரை வந்துருச்சு ஓசுகா சான்."

கட்சுமி கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"தொட்டி மேல போட்ட வலையக் கழுவலாம்னு எடுத்தேன். உள்ள போயி உலையில தண்ணி கொதிக்குதான்னு பாத்துட்டு வர்றேன், அதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. தாய் மீனு, தகப்பன் மீனு, கழிச்சு மிச்சம் வெச்சிருந்த குஞ்சு, எல்லாம். தொட்டி விளிம்புல நின்னுக்கிட்டு என்னயே பாக்குது. சாப்ட்டாச்சு, பில்லக் கொண்டாங்கற மாதிரி."

"ஒண்ணுகூடவா மிஞ்சல?"

"ஒண்ணே ஒண்ணு. உடைஞ்ச ஓட்டுக்குக் கீழ ஒளிஞ்சிருந்துச்சு."

வாளியில் அது கிடந்தது, கட்டைவிரல் நீளத்தில். கறுப்பு வெளுத்து, முதுகில் சிவப்பு மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. தமாயோ வாளி விளிம்பில் விரல் முட்டியால் டொக் டொக்கென்று இரண்டு தட்டுத் தட்டினாள். மீன் விருட்டென்று மேலே வந்து வாயைத் திறந்தது. ஒரு சிட்டிகை தீனி போட்டாள்.

"எங்க வீட்டு மீனுங்க எல்லாம் இப்படித்தான். பொறந்ததுலேருந்து பழக்கம்" என்றாள். அந்த நிலையிலும் அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது.

கட்சுமிக்கு அது காதில் விழுந்ததே தவிர மனதில் ஏறவில்லை. வலது கை அப்போது துள்ளத் தொடங்கியிருந்தது. அதை அங்கியின் பைக்குள் விட்டு அமுக்கிப் பிடிப்பதிலேயே அவர் கவனமெல்லாம் இருந்தது.

ஹிபினோ வீட்டு மீன் என்றால் சங்கத்தில் தனி மரியாதை. அவள் மாமனார் காலத்திலிருந்து வெளி மீன் எதையும் கலக்காமல் வந்த வம்சம். வெளியே யாருக்கும் அவர்கள் ஒரு முட்டைகூடக் கொடுத்ததில்லை. சங்கத் தலைவர் கமியா காலில் விழாத குறையாகக் கேட்டும் கிடைக்கவில்லை. இப்போது அந்த வம்சம் முழுவதும் ஒரு வாளிக்குள் இருந்தது.

"பத்து குஞ்சு இருந்தா நானே சுரண்டிருவேன்" என்றாள் தமாயோ. "ஒண்ணே ஒண்ணுங்கறப்ப என் கை வரமாட்டேங்குது. எங்க மீன் இன்னும் இருக்குன்னு இந்த வருசம் காட்சியில காட்டியாகணும். இல்லேன்னா ஹிபினோ மீன் அழிஞ்சுபோச்சுன்னு பேச ஆரம்பிச்சிருவானுங்க. உங்க கையில இதுவரைக்கும் ஒரு மீன் செத்ததில்ல. நீங்கதான் பண்ணிக் குடுக்கணும்."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். கை சரியில்லை என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்த வார்த்தை தமாயோவோடு நூடுல்ஸ் கடைக்குப் போகும், அங்கிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வருகிற அத்தனை பேர் காதுக்கும் போகும். கை நடுங்குகிற ஆளிடம் எவன் தொண்டையைக் காட்டுவான்? கட்சுமியின் வாய் அவரைக் கேட்காமலே பேசியது.

"வெச்சிட்டுப் போங்க ஹிபினோ சான். கொஞ்சம் கொஞ்சமா எடுக்கறேன். அவசரப்படாதீங்க."

அவசரப்பட்டது வானம்தான். மறுநாளே மழை நின்று வெயில் கொளுத்தியது. கொல்லையில் சலவை மெஷினை ஒட்டிய தொட்டியில் மீனை விட்டிருந்தார். இரண்டே நாளில் அது தலையிலிருந்து வால்வரை திகுதிகுவென்று சிவந்துவிட்டது. நாலு நாலு செதிலாக எடுக்க இனி நேரமில்லை. இன்றைக்கே, ஒரே மூச்சில் எடுத்தால்தான் உண்டு.

கடைக்கு விடுமுறையான திங்கட்கிழமை காலை அது. மிட்சுயோ சந்தைக்குப் போயிருந்தாள். கட்சுமி அடுப்படிக்குப் போய், சமையலுக்கு வைத்திருந்த சாக்கே மதுவில் அரைக் கோப்பை ஊற்றிக் குடித்தார். குடித்தால் நடுக்கம் சற்று அடங்குவதை அவர் கண்டுபிடித்து வைத்திருந்தார். கொஞ்ச நேரம் காத்திருந்து கையை நீட்டிப் பார்த்தார். கை நின்றது. அவருக்கு அழுகை வரும்போல இருந்தது, அவ்வளவு சந்தோஷம்.

ஈரத் துணியை உள்ளங்கையில் விரித்து, கையைத் தண்ணீரில் பாதி அமிழ்த்தி, மீனை அதில் கிடத்தினார். வலது பக்கம் முதலில். பட்டையின் நுனியைச் செதிலுக்கு அடியில் கொடுத்து ஒரு சுண்டு. செதில் வந்தது. அடுத்தது. அடுத்தது. தண்ணீரில் சிவப்புப் பொட்டுகள் மிதந்தன. வலது பக்கம் முடிந்தபோது அதைவிடச் சுத்தமாகத் தன் வாழ்நாளில் சுரண்டியதில்லை என்று தோன்றியது. மீனைத் திருப்பிப் போட்டார். இடது பக்கம் வாலிலிருந்து தலையை நோக்கி வந்தார். தோள்பட்டை இறுகியது. வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை இல்லை. செவுளுக்கு மேலே ஒரே ஒரு வரிசை பாக்கி. முடிந்துவிட்டது என்று நினைத்தார். நினைத்த மாத்திரத்தில் கை ஒரு துள்ளுத் துள்ளியது.

பட்டை கண்ணில் இறங்கியிருந்தது.

மீன் அவர் கையில் ஒருமுறை விறைத்து அடங்கியது. கட்சுமி அதைப் புண் ஆற்றும் உப்புத் தண்ணீரில் விட்டார். அது பக்கவாட்டில் சாய்ந்து அடியில் போய்க் கிடந்தது. செவுள் மட்டும் திறந்து திறந்து மூடியது. அவர் சலவை மெஷினில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். சாக்கே வாய்க்கு வந்தது.

மிட்சுயோ காய்கறிப் பையோடு வந்தபோது அவர் சொந்தத் தொட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். கையில் தமாயோவின் வாளி. வாளியில் அவருடைய மீன். நாலு மடல் வால், வெள்ளை உடம்பு, இந்த வருடம் முதலிடம் வாங்கப்போகிற மீன்.

மிட்சுயோ வாளியைப் பார்த்தாள். உப்புத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தாள். அடுப்படியில் திறந்து கிடந்த சாக்கே பாட்டிலையும் பார்த்தாள்.

"இது அவங்க மீன் இல்லியே."

"கத்தாத."

"நான் எங்க கத்தறேன்? இது அவங்க மீன் இல்லன்னுதான் சொல்றேன்."

"சுரண்டினதுக்கப்புறம் எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கும். அளவும் ஒண்ணு. வால் அவங்க மீன விட நல்ல வால். அவங்களுக்கு என்ன நஷ்டம்? நஷ்டம் எனக்குத்தான்."

"அப்ப சொல்லிட்டுக் குடுங்க. கண்ணு போயிருச்சு, பதிலுக்கு இத வெச்சிக்கங்கன்னு."

"ஏன் போச்சுன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும்."

"மிட்சுயோ, நாளைக்கு இந்தக் கடைக்கு எவனாவது வருவானா? கொஞ்சம் யோசிச்சுப் பாரு."

அவள் யோசித்தாள். அவளுக்கும் அந்தக் கடைதான் சோறு. பையிலிருந்து முள்ளங்கியை எடுத்து வெளியே வைத்துக்கொண்டே சொன்னாள்: "நானா வாயத் தொறக்கமாட்டேன். ஆனா அவங்க கேட்டா எனக்குப் பொய் வராது. ஞாபகம் வெச்சிக்கங்க."

இரண்டு நாள் கழித்துத் தமாயோ வந்தாள். வாளிக்குள் குனிந்து பார்த்தாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. கட்சுமி காய்ந்த துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"நல்லா வந்திருக்கு" என்றாள் கடைசியில். பிறகு வாளி விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினாள். மீன் வெருண்டு அடிக்குப் பாய்ந்தது.

"புது நிறம் வந்த பயம்" என்றார் கட்சுமி. தன் குரல் தனக்கே பொய்யாகக் கேட்டது.

"இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். அவள் முகத்தில் இருந்து எதையும் படிக்க முடியவில்லை. வாய் ஓயாத பொம்பளை ஒரே வார்த்தையோடு போனது அவரை மேலும் கலங்கடித்தது.

உப்புத் தண்ணீரில் கிடந்த மீன் சாகவில்லை. செத்திருந்தால் நல்லது என்று கட்சுமி இரண்டொரு தடவை நினைத்தார், அப்படி நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டார். தோட்டத்தில் புதைத்துவிட்டால் விஷயம் அதோடு முடிந்தது. ஆனால் தினமும் தண்ணீர் மாற்றினார், நிழல் கட்டினார், அடியில் கிடக்கிற மீனின் வாயருகே தீனியைக் குழாயால் கொண்டுபோய் விட்டார். கண் இருந்த குழி மூடி, உடம்பில் வெள்ளைச் செதில் முளைத்தது. செவுளுக்கு மேலே எடுக்காமல் விட்ட அந்த ஒரு வரிசை மட்டும் சிவப்பாகவே நின்றுவிட்டது. கோடை முழுவதும் அந்த மீன் அவரைக் கண்டு ஒருநாளும் மேலே வரவில்லை.

ஆகஸ்டில் வரும் ஓபோன் பண்டிகைக்கு முன்னால், முகச் சவரம் செய்துகொள்ளத் தமாயோ கடைக்கு வந்தாள். அவளுக்கு எப்போதும் செய்வது கட்சுமிதான்.

"இன்னிக்கு மிட்சுயோ பண்ணட்டுமே" என்றார்.

"ஏன், என் மூஞ்சி உங்களுக்கு அலுத்துப்போச்சா?"

வேறு வழியில்லை. நாற்காலியைச் சாய்த்து, சூடான துண்டு போட்டு, நுரை தடவினார். சுண்டுவிரலைக் கன்னத்தில் ஊன்றிக் கத்தியை வைத்தார். நெற்றி முடிந்தது. ஒரு கன்னம் முடிந்தது. தாடைக்குக் கீழே வந்தபோது, கண்ணை மூடியபடியே தமாயோ கேட்டாள்:

"குடுத்து அனுப்பினீங்களே, மீன் எப்படி இருக்குன்னு ஒரு வார்த்த கேக்கவே இல்லியே ஓசுகா சான்?"

கத்தி நடுங்கத் தொடங்கியது. அவள் கழுத்து நரம்பு துடிப்பது நுரைக்கு அடியில் தெரிந்தது. கட்சுமி கத்தியை உயர்த்தினார். தாழ்த்த முடியவில்லை. பக்கத்து நாற்காலியிலிருந்து மிட்சுயோ சத்தமில்லாமல் வந்து, அவர் விரல்களுக்கு இடையிலிருந்து கத்தியை உருவி, விட்ட இடத்திலிருந்து இழுத்தாள்.

"மிட்சுயோ, உன் கை எவ்வளவு சில்லுன்னு இருக்கு" என்றாள் தமாயோ. கண்ணைத் திறக்கவில்லை.

போகும்போது வாசலில் நின்று திரும்பினாள்.

"ஓசுகா சான், எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

"எதப் பத்தி?"

"ஒண்ணுமில்ல. வெயில் சாஸ்தியா இருக்கு. தொட்டிக்கு நிழல் போடுங்க."

அவள் போன பிறகு மிட்சுயோ கத்தியைக் கழுவினாள். "தெரியும் அவங்களுக்கு" என்றாள். தெரிந்தால் ஏன் கேட்கவில்லை? தெரியாவிட்டால் ஏன் அப்படிப் பார்க்கிறாள்? இந்த இரண்டு கேள்விக்கும் நடுவில் கட்சுமி ஆகஸ்டையும் செப்டம்பரையும் ஓட்டினார். உடம்பு இளைத்தது. கமியா ஒருநாள் முடி வெட்டிக்கொள்ள வந்து, கண்ணாடியில் அவரைப் பார்த்துவிட்டு, "என்னய்யா, மீன் தீனியில பங்கு கேக்குதா?" என்று சிரித்தார்.

அக்டோபர் கடைசி ஞாயிறு, கோயில் முற்றத்தில் காட்சி. வெள்ளை எனாமல் தட்டுகளில் மீன்களை விட்டு மேலிருந்து பார்த்து நடுவர்கள் வரிசைப்படுத்துவார்கள். கட்சுமி இந்த வருடம் மீன் எதுவும் கொண்டுபோகவில்லை. போகவே வேண்டாம் என்றுதான் இருந்தார். போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள் என்பதால் போனார். முற்றத்தில் நுழைந்ததும் அவர் கண் தன் மீனைத் தேடியது. ஹிபினோ என்ற பெயரின் கீழ் அது முதலிடத்தில் இருக்கும், எல்லோரும் அவளைப் பாராட்டுவார்கள், தானும் கைதட்ட வேண்டும். அதற்கு மனதைத் தயார்செய்து வைத்திருந்தார்.

முதல் தட்டில் அந்த மீன்தான் இருந்தது. கோடையில் நன்றாக வளர்ந்து, வாலை விரித்துக்கொண்டு நின்றது. பக்கத்தில் அட்டை. அட்டையில் எழுதியிருந்த பெயர் ஓசுகா கட்சுமி.

அவர் திரும்பப் படித்தார்.

"வந்துட்டாரய்யா ஆளு!" என்று கமியா வந்து அவர் முதுகில் ஒரு போடு போட்டார். "இத்தன வருசம் எல்லாருக்கும் சுரண்டிக் குடுத்தே காலத்தப் போக்கினீங்க. கடைசியில சொந்த மீன் அடிச்சிருச்சு பாத்தீங்களா! ஹிபினோ சான் காலையிலேயே கொண்டாந்து குடுத்தாங்க, அவருக்கு உடம்பு சரியில்ல, அவர் மீன நான் எடுத்துட்டு வந்தேன்னு."

ஆட்கள் கூடிவிட்டார்கள். ஒவ்வொருவராகக் குனிந்து வாழ்த்தினார்கள். இருபது வருடமாக அவர் மனதுக்குள் ஒத்திகை பார்த்த காட்சி. அதில் அவர் தலைநிமிர்ந்து நிற்பார். இப்போது கழுத்து நிமிரவில்லை.

"சுரண்டினது எவ்வளவு சுத்தம் பாருங்க" என்றார் கமியா கூட்டத்தைப் பார்த்து. "அடுத்த வருசம் ஜூன்ல எல்லாரும் அவங்கவங்க குஞ்சோட வரணும். ஓசுகா சான் நம்ம முன்னாலேயே உக்காந்து செஞ்சு காட்டப்போறாரு. என்ன சொல்றீங்க ஓசுகா சான்?"

முற்றத்தின் மூலையில், டீ வைத்திருந்த மேசைக்குப் பக்கத்தில் தமாயோ சோற்று உருண்டையைத் தின்றுகொண்டு நின்றாள். அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை, முறைக்கவும் இல்லை. அவருக்கு அவள்மேல் ஆத்திரம் வந்தது. கூட்டத்தில் வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டாளே என்று நினைத்தார். அப்புறம், அடுத்த ஜூனில் இத்தனை பேர் குஞ்சையும் ஏந்தி வரிசையில் நிற்பது கண்முன் வந்தது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கண்.

"முடியாது" என்றார்.

"ஏன்?"

"என் கை நடுங்குது."

கமியா விளங்காமல் சிரித்தார். கட்சுமி வலது கையை எல்லோருக்கும் நடுவில் நீட்டினார். இத்தனை மாதம் பையிலும் துண்டிலும் ஒளித்து வைத்த கை அது. அடக்க முயலாமல் விட்டதும் விரல்கள் தம் பாட்டுக்கு ஆடின. கூட்டத்தில் ஒருவர் தன்னையறியாமல் தொண்டையைத் தடவிக்கொண்டார். போன வாரம் கடைக்கு வந்துபோனவர்.

"இது என் மீன்தான். ஆனா இத ஹிபினோ சானுக்கு அவங்க மீனுன்னு சொல்லிக் குடுத்தேன்" என்றார். "அவங்க மீன நான் கெடுத்துட்டேன். கை நடுங்கறது தெரிஞ்சே வாங்கினேன், கெடுத்தேன், மாத்திக் குடுத்தேன். பரிச எடுத்துருங்க."

தமாயோ மிச்சச் சோற்றை விழுங்கிவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"பரிசு கெடக்குது. என் மீன் இருக்கா, இல்லியா? அத மொதல்ல சொல்லுங்க."

அப்போதுதான் அவள் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தார். உதடு வெளுத்திருந்தது. கோடை முழுக்கப் பயந்துகொண்டிருந்தது தான் மட்டும் இல்லை என்று அவருக்கு அந்த நிமிடம் தெரிந்தது.

"இருக்கு" என்றார். "இடது கண்ணு போச்சு. ஒரு வரிச செதில் சிவப்பாவே நிக்குது. இனிமே எந்தக் காட்சியிலும் வெக்க முடியாது."

"கண்ணா முட்ட போடப்போகுது?" என்றாள் தமாயோ.

குத்துப்பட்ட கண் குஞ்சுக்குப் போகாது. சுரண்டின நிறமே குஞ்சுக்குப் போகாது, ஒவ்வொரு தலைமுறைக்கும் புதிதாகச் சுரண்ட வேண்டும். இதைப் புதிதாகச் சேருகிற ஒவ்வொருவருக்கும் கட்சுமியே தன் வாயால் சொல்லியிருக்கிறார். ஜோடிக்கு இனி வெளி மீனைத்தான் சேர்க்க வேண்டும் என்றாலும், அவள் நம்பிக் கொடுத்தது ஒரு வம்சத்தின் விதையை. அவர் அவளுக்கு ஓர் அழகான மீனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தான் தியாகம் செய்துவிட்டதாக வேறு நினைத்துக்கொண்டிருந்தார்.

தமாயோ தன் கடை வேனில் அவரை ஏற்றிக்கொண்டாள். பாலம் தாண்டியதும் கட்சுமி கேட்டார்:

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"அன்னிக்கே. தட்டினேன், ஓடிச்சே. எங்க வீட்டு மீன் ஓடாது."

"அப்ப ஏன் கேக்கல?"

"கேட்டா செத்துப்போச்சுன்னு சொல்லிடுவீங்க. அதக் கேக்க எனக்குத் தைரியம் இல்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டு கியரை மாற்றினாள். "நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். ஓபோனுக்கு வந்தேனே, கழுத்தயே நீட்டினேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாம். மொத நாளே கை சரியில்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, சிவப்போட சிவப்பா வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பேன். காட்சி என்ன பெரிய காட்சி."

"மன்னிச்சிருங்க ஹிபினோ சான்."

"அத அப்புறம் பாக்கலாம். இப்பப் பேசாம வாங்க, எனக்குக் கோவம் இன்னும் எறங்கல."

வேன் சத்தம் கேட்டு மிட்சுயோ வாசலுக்கு வந்தாள். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கொல்லைக் கதவைத் திறந்துவிட்டாள்.

சலவை மெஷினுக்குப் பக்கத்தில் தொட்டி இருந்தது. மேலே நாரை வலை, அதற்கு மேலே மூங்கில் தட்டி. மீன் வழக்கம்போல் அடியில், குருட்டுப் பக்கம் மேலாகத் தெரிய ஒதுங்கிக் கிடந்தது.

"சாப்பிடுதா?"

"வாய்கிட்ட கொண்டுபோயி விட்டா கொஞ்சம் சாப்பிடும். மேல வராது. ஒருநாளும் வந்ததில்ல."

தமாயோ குந்தி உட்கார்ந்து வலையை விலக்கினாள். விரலை மடக்கினாள், தட்டாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். ஜூனிலிருந்து அந்தத் தட்டுச் சத்தத்தை அந்த மீன் கேட்டதில்லை. மிட்சுயோ கட்சுமியின் நடுங்குகிற கையைப் பிடித்துக்கொண்டாள்.

டொக் டொக்.

அடியில் ஒரு வெள்ளை அசைந்தது. நேராக வரவில்லை. பார்வை உள்ள கண்ணைத் திருப்பிக்கொண்டு, பாதி வட்டம் அடித்து, தொட்டிச் சுவரில் ஒருமுறை முட்டிக்கொண்டு மேலே வந்தது. தமாயோவின் விரல் நுனிக்கு நேர் கீழே வந்து நின்று வாயைத் திறந்தது.

அவளிடம் தீனி இல்லை. கட்சுமி டப்பாவைத் திறந்து நீட்டினார். கை ஆடியதில் பாதித் தீனி தரையில் கொட்டியது. மிச்சத்தை அவள் எடுத்துப் போட்டாள்.